மேட்டுப் புஞ்சையில் எதை வளர விடுவது? செட்டிநாட்டுப் பொட்டல் ஒன்றுக்கான ஒப்பீடு

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே, அய்யனார் கோயில் காட்டை ஒட்டி, 11 புள்ளிகளுக்கு, அதாவது பங்குள்ள 11 குடும்பங்களுக்குப் பொதுவான 46 ஏக்கர் மேட்டு நிலம் கிடக்கிறது. பட்டா இன்னும் எங்கள் ஐயாவின் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது. பங்காளிகளில் பாதிப்பேர் சென்னையில் இருக்கிறார்கள், இரண்டு வீட்டார் மலேசியாவில் இருக்கிறார்கள், ஊரில் நிலையாகத் தங்கியிருப்பது மூன்று வீட்டார் மட்டுமே. இந்த நிலத்தை என்ன செய்வது என்று வரும் ஆவணிக்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், முன்வைக்கப்பட்டிருக்கும் யோசனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன். மனை போட்டு விற்பது, மறுபடியும் தைலமரத்துக்கு (யூகலிப்டஸ்) குத்தகை விடுவது, சூரிய மின்நிலையத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது, இப்போதுள்ள சீமைக்கருவேலை அப்படியே வைத்துக்கொண்டு கரிமூட்டத்துக்கு ஏலம் விடுவது, நாட்டு மரக் காட்டைத் திரும்பக் கொண்டுவருவது ஆகிய ஐந்தும் பேச்சில் இருக்கின்றன. இதே நிலையில் இருக்கும் ஊர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் சுற்றுவட்டாரத்தில் பல உண்டு என்பதால், இது எங்கள் பங்காளிகளுக்கு மட்டுமான கணக்கு அன்று.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘காடு’ என்று அரசுக் கணக்கில் எழுதப்படுவதும் நம் ஊரார் காடு என்று சொல்வதும் ஒன்றல்ல. இந்திய வன அளவை நிறுவனம் தன் செயற்கைக்கோள் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மரத்தழையின் மூட்டம் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அதை வனப்பரப்பு என்று கொள்கிறது. மரம் என்ன இனம், நிலம் யாருடையது என்பதை அது பார்ப்பதில்லை. அதன் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது மொத்த நிலப்பரப்பில் 21.76 சதவீதம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த எண்ணுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடும் உண்டு, வரிசை பிடித்து நட்ட தைலமரத் தோப்பும் உண்டு. ஆகவே எங்கள் 46 ஏக்கரையும் தைலமரத்தால் நிரப்பினால், கணக்கில் நாடு ஒரு துளி பசுமையாகிவிடும். கண்மாய்க்கு வரும் தண்ணீர் குறைந்ததை அந்தக் கணக்கு காட்டாது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். தமிழ்நாட்டில் 555 பேர். இத்தனை பேருக்கும் சோறும் காகிதமும் மின்சாரமும் வீடும் விறகும் ஒரே நிலத்திலிருந்துதான் வர வேண்டும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எதிர்பார்க்காமல் உழவர்களின் நிலத்தில் வளர்க்கச் செய்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றது. மலைக்காட்டைக் காப்பதற்கு இரண்டுமே தேவையான ஏற்பாடுகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய அந்தப் பசி சமவெளியில் யாருடைய கணக்கிலும் காடு என்று எழுதப்படாத புதர்க்காட்டின் மேல், மேய்ச்சல் தரையின் மேல், எங்களுடையது போன்ற பொட்டல்களின் மேல் வந்து உட்கார்ந்தது. ‘தரிசு’ என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு சொல், அந்த நிலத்தில் ஒன்றுமே இல்லை என்ற பொருளைத் தந்துவிட்டது.

ஒன்றுமே இல்லாத நிலமாக இது என்றும் இருந்ததில்லை. 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை), சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் திரும்பியது. அன்று அந்தப் படையைத் தடுத்த காடு, இன்று நாம் காரைக்குடியிலிருந்து பேருந்தில் கடக்கும் அதே தரைதான். ஊர்ப் பெயர்களும் அதைத்தான் சொல்கின்றன. காரைச் செடியால் காரைக்குடி என்பார்கள். இலுப்பைக்குடி, வேலங்குடி, ஆலங்குடி என்று மரத்தைப் பெயரில் வைத்திருக்கும் ஊர்கள் ஒரு கை விரலில் அடங்காது. அந்தக் காட்டின் மிச்சம் கோயில் காடுகளில் மட்டுமே நிற்கிறது.

இன்னொன்றையும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு வளவுகளில் வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாக் காட்டில் வெட்டப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயலாக விரிந்தபோது, அதற்கு வேண்டிய கடனில் பெரும்பங்கு செட்டியார் வட்டிக்கடைகளிலிருந்து சென்றது. காட்டை விலையாக மாற்றும் கணக்கு எங்கள் முன்னோர்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்ற ஒரே கேள்வியோடு இந்த 46 ஏக்கரையும் பார்க்கும்போது, நாமும் அதே பேரேட்டைத்தான் திறக்கிறோம் என்பது பங்காளிகளுக்கு நினைவிருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மனை போடும் யோசனையை நீளமாகப் பேச வேண்டியதில்லை. 2024இல் காரைக்குடி மாநகராட்சியான பிறகு சுற்றுப்புறச் சாலையோரங்களில் கல் நடுவது வேகமெடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் நிலம் கண்மாயின் நீர்ப்பிடிப்பு. அதன் நடுவே, கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுசேர்க்கும் வரத்துக்கால் ஓடுகிறது. அதில் மனை போட்டால் வாங்குபவர் முதல் பெருமழையிலேயே தண்ணீரில் நிற்பார், கண்மாய் வறளும். திரும்ப எடுக்க முடியாத முடிவு இந்த ஐந்தில் இது ஒன்றுதான் என்பதாலேயே இதை முதலில் ஒதுக்கிவிடலாம்.

தைலமரத்தைப் பற்றி எனக்கு அனுபவத்தில் தெரியும். 20 ஆண்டுகளுக்கு முன் இதே நிலத்தின் சரிவான பக்கத்தில் 12 ஏக்கரை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டோம். தைலமரத்தின் நல்ல பக்கத்தை மறைக்கக்கூடாது. செம்புரைக்கல் தரையிலும் அது பிடித்துக்கொள்கிறது. ஆடு கடிப்பதில்லை என்பதால் காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறாம் ஆண்டில் வெட்டலாம். வெட்டிய கட்டையிலிருந்தே தழைத்து இரண்டு, மூன்று சுற்றுவரை வரும். ஊரில் இல்லாத நிலவுடைமையாளருக்கு இதைவிட ஏற்ற பயிர் கிடையாது, எங்கள் சிவகங்கை மாவட்டமும் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டமும் தைலமரமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். காகிதம் நம் எல்லோருக்கும் வேண்டும். அது மலைக்காட்டு மூங்கிலிலிருந்து வருவதைவிடப் பட்டா நிலத்து மரத்திலிருந்து வருவது மேல் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

கெடுதல் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, மரத்தால். தைலமரம் ஆழ வேர்விட்டு, வெட்டப்படும்வரை ஆண்டு முழுவதும் இலையோடு நின்று நீரெடுக்கும் மரம். நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளியின் ஒரு பகுதியில் தைலமரம் நட்டு ஆண்டுக்கணக்காக அளந்த ஆய்வில், முதல் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்ததாகப் பதிவாயிற்று. மலைப் புல்வெளியும் நம் செவல் மேடும் ஒன்றல்ல, அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழையை, அதிலும் கணிசமான பங்கை ஐப்பசி, கார்த்திகையில் பெறும் ஊருக்கு, நீர்வரத்தில் விழும் எந்தக் குறைவும் சின்னது அல்ல. கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கெடுதல் மரத்தைவிடப் பெரியது, அதைப் பற்றி யாரும் குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை. மழைநீர் தோப்பைவிட்டு வெளியேறாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் குழி வெட்டி வரப்பு உயர்த்தினார்கள். தோப்புக்கு அது நீர் சேமிப்பு. கண்மாய்க்கு அது கதவடைப்பு. முன்பெல்லாம் ஐப்பசியின் இரண்டாவது நல்ல மழைக்கே வரத்துக்காலில் செந்நீர் ஓடி வரும். வரப்பு போட்ட பிறகு கார்த்திகை பிறந்தும் கால் ஈரமாகாத ஆண்டுகளை நான் பார்த்தேன். கீழே கண்மாய்ப் பாசனத்தில் இருப்பவர்கள் எங்கள் பங்காளிகள் அல்லர், குத்தகைப் பணத்தில் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது, இழப்பு மட்டும் அவர்களுடையது. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து எத்தனை ஆண்டாயிற்று என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் உழவர்கள் தைலமரத் தோப்புகளை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடுவதற்கு இந்த வரப்புகளே முதன்மைக் காரணமாக இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. வரப்பு இல்லாமல் தைலமரம் வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் விளைச்சல் குறையும், குத்தகை எடுப்பவர் ஒப்பமாட்டார்.

சூரிய மின்நிலையம் என்ற யோசனையைச் சென்னையிலிருக்கும் இளைய பங்காளிகள் விரும்புகிறார்கள். ஆண்டுதோறும் தவறாத குத்தகை, நிலம் கைவிட்டுப் போகாது, புகையில்லாத மின்சாரம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் தேவை. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் 2016இல் இயங்கத் தொடங்கிய கமுதி நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் தருகிறது. மேடுபள்ளம் இல்லாத, வரத்துக்கால் குறுக்கிடாத, ஏற்கெனவே எதுவும் மிஞ்சாத நிலமாக இருந்தால் நானே இதற்கு ஒப்புவேன். எங்கள் நிலத்தில் தகடுகளை நிறுத்தச் சரிவைச் சமன்படுத்த வேண்டும், சுற்றிலும் வேலி போட வேண்டும், அய்யனாருக்கு மண்குதிரை சுமந்து கோயில் காட்டுக்குப் போகும் புரவி எடுப்புப் பாதை வேலிக்குள் போய்விடும். ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளுக்கும் வழி அடைபடும்.

சீமைக்கருவேலை விவாதிக்கும்போது கோபத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். தென், நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த அந்த மரம் நம் கண்மாய் உள்வாய்களை நிரப்பி, நாட்டுச் செடிகள் முளைக்கவிடாமல் நிழலிட்டு, நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு ஊர் ஊராகப் பரவியது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையால் அதை வேரோடு பிடுங்கும் பெரு முயற்சி நடந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்றாலும், கண்மாய்க்குள் அது நிற்கக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

மேட்டு நிலத்தில் நிற்கும் சீமைக்கருவேல் வேறு கதை. எங்கள் ஊரில் எரிவாயு இணைப்பு இல்லாத வீடு குறைவு. ஆனாலும் நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் விசேஷ வீட்டில் சோறாக்கவும் விறகுதான். அந்த விறகு முழுவதும் இந்த மரத்திலிருந்து வருகிறது. மழை தப்பிய ஆண்டுகளில் வெட்டு வேலையும் மூட்டம் போடும் வேலையும் இல்லையென்றால் சில குடும்பங்கள் திருப்பூருக்குப் போயிருக்கும். ஓர் ஏக்கர் விடாமல் பிடுங்கிவிட்டு வேலி போட்டால், விறகுக்கான அரிவாள் எங்கே போகும் என்பதை நாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அது கோயில் காட்டின் ஓரத்துக்குத்தான் போகும். சாமி குத்தம் என்ற அச்சம் இன்றைக்குச் சுள்ளியைக் காக்கிறது, அந்த அச்சத்தை நாம் பசியோடு மோதவிடக்கூடாது. சீமைக்கருவேலை முழுமையாக வைத்திருக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. முழுமையாக ஒழிக்கும் யோசனையையும் ஏற்கவில்லை.

இனி நாட்டு மரக் காடு. நம் பகுதிக்கு உரியது பசுமை மாறா உலர் காடு. வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்திய வன வகைப்பாட்டில் இது 7ஆம் தொகுதி; சோழமண்டலக் கரையையும் அதை ஒட்டிய உள்நிலத்தையும் தவிர இந்தியாவில் வேறெங்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஓங்கி வளராத மரங்கள், தோல்போல் தடித்த இலை, வடகிழக்குப் பருவமழையை நம்பிய வாழ்வு, ஒன்பது மாதக் காய்ச்சலிலும் மாறாத பச்சை. எங்கள் அய்யனார் காட்டில் மண்குதிரைகளுக்குப் பின்னால் வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் நெருங்கி நிற்கின்றன. ஓரங்களில் உசில், வெப்பாலை, மஞ்சணத்தி, காரை, சூரை. சூரைப் புதரில் கை விட்டால் சட்டை கிழியாமல் எடுக்க முடியாது. குருந்த மரம் ஒன்றும் இருக்கிறது, ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகருக்கு உபதேசம் கிடைத்ததாகச் சொல்லப்படும் மரத்தின் இனம். வைகாசி வெயிலில் அந்தக் காட்டுக்குள் நுழையும்போது உடம்பு உணரும் வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் அது சிறுவயதிலிருந்தே தெரியும்.

இதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரால் அறியப்படும் அடர்நடவு: ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள், மண்ணைத் தோண்டி எருவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்ப்பது. பள்ளிக்கூட வளாகத்துக்கு அது பொருந்தும். ஓர் ஏக்கருக்கே பன்னிரண்டாயிரம் கன்றுக்கு மேல் வேண்டும் என்னும்போது, வேனிலில் ஊருணியே வற்றும் ஊரில் 46 ஏக்கருக்கு அதை எண்ணிப் பார்ப்பதற்கும் வழியில்லை. வீரை, உலக்கைப்பாலைக் கன்றுகள் நாற்றங்கால்களில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், கிடைத்ததை நட்டு எண்ணிக்கையை நிரப்பும் ஆபத்தும் அதில் உண்டு.

மற்றது, அடைத்துவிட்டுக் காத்திருப்பது. நம் நிலத்தில் மேலே தெரியாவிட்டாலும் மண்ணுக்குள் வெப்பாலை, உசில், மஞ்சணத்தி, காரை ஆகியவற்றின் கட்டைவேர்கள் உயிரோடு இருக்கின்றன. ஆண்டுதோறும் தளிர்ப்பதை ஆடு கடித்துவிடுவதால் அவை முழங்காலுக்கு மேல் எழுவதில்லை. மூன்று மழைக்காலம் ஆட்டை விலக்கிவைத்தால் அவை மரமாகத் தொடங்கும். பழம் தின்னும் சின்னானும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் கோயில் காட்டிலிருந்து விதையைக் கொண்டுவந்து போடும், உட்கார ஒரு கிளை இருந்தால் போதும். தாய்க்காடு பக்கத்திலேயே இருப்பது எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆரோவில்லில் 1968 முதல் செம்மண் அரித்து வெறுந்தரையாகக் கிடந்த மேட்டில் காடு எழுப்பியவர்கள், அருகில் இப்படி ஒரு தாய்க்காடு இல்லாமல், அயல்நாட்டுக் கருவேல் இனம் ஒன்றை முதலில் நிழலுக்கு வளரவிட்டு, அதன் கீழே நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சீமைக்கருவேலை ஒரே நாளில் பிடுங்கி மண்ணை வெயிலுக்குத் திறந்துவிடாமல், பட்டை பட்டையாக அகற்றிக்கொண்டே போகலாம் என்ற எண்ணத்தை எனக்கு அந்த முயற்சிதான் தந்தது.

இந்த வழியின் குறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகளுக்குப் பங்காளிகளுக்குப் பணம் வராது. வேலிக்கும் காவலுக்கும் செலவு உண்டு. ஆடு வைத்திருப்பவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் இடைஞ்சல். ஆனால் தைலமரக் குத்தகைப் பணம் 11 புள்ளிகளுக்குப் பிரிந்தபோது ஒரு வீட்டுக்கு வந்த தொகை, ஊருக்கு வந்துபோகும் பயணச் செலவுக்குக்கூடக் காணாது என்பதை எல்லோரும் அறிவோம். அந்தப் பணத்துக்காகத்தான் ஒரு கண்மாயின் வரத்தை அடைத்திருந்தோம்.

2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு அடுத்துத் தமிழ்நாட்டில் அது இரண்டாவது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. எங்கள் மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. நெருக்கடியான நாட்டில் சிறு துண்டுகளாகத்தான் காடு மிஞ்சும் என்றால், அந்தத் துண்டுகளைக் காக்கும் ஊர்க்கட்டுப்பாடும் நம் சீமையில் புதிதல்ல.

ஆகவே பங்காளிகளின் முன் நான் வைப்பது இது. சாலையை ஒட்டிய 10 ஏக்கர் சீமைக்கருவேலை விறகுக்கும் கரிக்கும் என்று வைத்துக்கொண்டு, நான்கு பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதி மட்டும் வெட்ட விடுவது. ஏலப் பணத்தைக் காவல்காரர் சம்பளத்துக்கு எழுதிவைப்பது. வரத்துக்காலின் இரு கரையிலும் 4 ஏக்கரைப் புல்தரையாகவே திறந்து வைப்பது, ஆட்டுக்கும் தண்ணீருக்கும் அது பொதுவழி. கோயில் காட்டை ஒட்டிய 20 ஏக்கரை இரண்டு பாதியாக, ஒன்று எழுந்த பிறகு மற்றது என்று அடைப்பது. தைலமரக் கட்டைகள் நிற்கும் 12 ஏக்கரில் கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே மட்டும், வேர் எதுவும் மிஞ்சாததால், கோயில் காட்டின் விதையிலிருந்து நாமே வளர்த்த கன்றுகளை அகல அகல நடுவது. கீழ்ப்பாசனத்தார் இரண்டு பேரும் ஆட்டுக்காரர் ஒருவரும் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் அடைப்பு எங்கே தொடங்குவது என்று நாம் கோடு போடக்கூடாது.

இந்த ஆண்டுக்கான வேலை இதில் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வெளியார் நிதி எதுவும் தேவையில்லை. தைலமரத் தோப்பில் குறுக்கே போட்ட வரப்புகளை ஐப்பசி மழைக்கு முன் உடைத்துக் குழிகளைத் தூர்க்க வேண்டும். ஒரு மண்வெட்டி இயந்திரத்துக்கு நான்கைந்து நாள் வேலை. வாடகையில் என் வீட்டுப் பங்கை ஊர்ப் பொதுவில் கட்டிவிட்டேன்.